குவாரிப் பங்குத் தகராறு: நடுவரா, கோர்ட்டா, கம்பெனித் தீர்ப்பாயமா?

சென்னையில் கடை, கம்பெனி என்று இருந்துகொண்டு கிருஷ்ணகிரி, விழுப்புரம் பக்கம் கல்குவாரியில் பணம் போட்டிருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். குத்தகை ஒருவர் பெயரில் இருக்கும். முதல் போட்டவர்கள் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். லாபம் ஒழுங்காக வரும்வரை யாரும் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பதில்லை. வரவு நின்றதும் போன் செய்தால், “மச்சான், கணக்கு எங்க போயிடப் போகுது? மழை முடியட்டும், உட்கார்ந்து பேசுவோம்” என்று பதில் வரும். தம்பு செட்டித் தெருவில் கூட்டு நிறுவனங்களுக்கு (பார்ட்னர்ஷிப்) கணக்குப் பார்க்கும் என்னிடம் அந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். “கேஸ் போடலாமா?” என்பதுதான் முதல் கேள்வி.

போடலாம். எங்கே போடுவது, என்ன கேட்டுப் போடுவது என்பதில் தவறினால் பணமும் போகும், வருஷங்களும் போகும். நடுவர் மன்றம் (ஆர்பிட்ரேஷன்), வணிக நீதிமன்றம், கம்பெனித் தீர்ப்பாயம், சமரச மையம், போலீஸ் என்று வழிகள் பல. ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். நான் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். வீடு, கடை மீதான தகராறு என்றால், வழக்கு முடியும்போது சொத்து அதே இடத்தில் இருக்கும். குவாரியில் அப்படி இல்லை. லாரி ஏறிய கல் திரும்பி வராது, குத்தகைக் காலமும் யாருக்காகவும் நிற்காது. தீர்ப்பு வரும் நாளில் குழிதான் மிச்சம் என்றால், உங்கள் 25 சதவீதம் குழியில் 25 சதவீதம். ஆகவே, வெளியே போகும் கல்லை எந்த வழி சீக்கிரம் கணக்குக்குள் கொண்டுவருகிறதோ அதுவே நல்ல வழி.

வழியைத் தேடும் முன் காகிதத்தைப் பாருங்கள்

உங்கள் பங்கு எந்த உருவத்தில் இருக்கிறது என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடும்.

பதிவு செய்த கூட்டு நிறுவனம் என்றால் எல்லாக் கதவும் திறந்திருக்கும். பதிவு செய்யாத நிறுவனம் என்றால் 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். நிறுவனத்தில் பங்குதாரர் என்ற முறையில் ஒப்பந்த உரிமையை வைத்து சக பங்குதாரர் மீது வழக்குப் போட முடியாது. “இந்த வருஷ லாபத்தில் என் பங்கைக் கொடு” என்று கேட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அதே பிரிவு ஒரு வழி விட்டிருக்கிறது: நிறுவனத்தைக் கலைக்கவும், கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்கவும் பதிவு தேவையில்லை. பதிவில்லாத பங்குதாரர் தொழிலைத் தொடர்ந்துகொண்டே பங்கு கேட்க முடியாது. தொழிலை முடித்துக்கொண்டு கேட்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் போட்ட வழக்குகள் எத்தனையோ வீணாகியிருக்கின்றன. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் போட்ட வழக்கு பிழைக்காது.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் பாதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

மிகச் சிக்கலானது மூன்றாவது வகை. குத்தகை ஒருவர் பெயரில், பணம் இன்னொருவருடையது, இருவருக்கும் நடுவில் ஒரு முத்திரைத்தாள். “வசதிக்காகக் குத்தகை இன்னார் பெயரில் எடுக்கப்பட்டுள்ளது; உண்மையில் நால்வருக்கும் சம பங்கு” என்று அதில் எழுதியிருக்கும். எழுதியவர் அதைப் பாதுகாப்பு என்று நினைத்திருப்பார். ஆனால் குவாரிக் குத்தகையை அரசின் அனுமதி இல்லாமல் இன்னொருவருக்கு மாற்ற முடியாது. சுரங்கம், கனிமம் பற்றிய மத்தியச் சட்டம் 1957-இல் வந்தது, நம் மாநிலத்தின் சிறுகனிம விதிகள் 1959-இல் வந்தவை. சிறுகனிமமான கிரானைட்டும் சாதாரணக் கல்லும் இந்த விதிகளின்கீழ்தான் வரும். எனவே எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுக்கும் ஆயுதம், “இந்த ஒப்பந்தமே சட்டவிரோதம், இதைச் செயல்படுத்த முடியாது” என்பதுதான். ஒப்பந்தம் குத்தகையையே கைமாற்றுகிறது என்று படிக்க இடம் கொடுத்தால் உங்கள் நிலை பலவீனமாகும். லாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுத் தொழில் என்று காட்ட முடிந்தால் நிற்க வாய்ப்பு அதிகம். எந்த மன்றத்துக்குப் போனாலும் மனுவில் “குவாரியில் உரிமை” என்று எழுதாமல் “தொழிலில் பங்கு, கணக்கு” என்று எழுதச் சொல்வது இதனால்தான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நிறுவனத்தின் சொத்தில் நிலம் இருந்தாலும் பங்குதாரரின் பங்கு அசையும் சொத்தின் தன்மையுடையது என்று உச்ச நீதிமன்றம் 1966-இலேயே சொல்லிவிட்டது. நிலத்தின் மேல் உரிமை என்று கேட்டால் நிலம் இருக்கும் ஊரின் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும். கணக்கும் பங்கும் கேட்டால், நிறுவனத்தின் அலுவலகம் சென்னையிலோ எதிர்த்தரப்பு சென்னைவாசியாகவோ இருக்கும்போது இங்கேயே போடலாம்.

நடுவரும் வணிக நீதிமன்றமும்

பெரும்பாலானவர்களுக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். பத்திரத்தில் நடுவர் ஷரத்து, அதாவது தகராறு வந்தால் நடுவரிடம்தான் போக வேண்டும் என்ற நிபந்தனை, இருந்தால் உங்களுக்குத் தேர்வே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோர்ட்டில் வழக்குப் போட்டாலும், எதிர்த்தரப்பு தன் முதல் பதில் மனுவுக்குள் நடுவர் சட்டத்தின் 8-ஆம் பிரிவைக் காட்டினால் விஷயம் நடுவரிடம் அனுப்பப்படும். “கையாடல் செய்திருக்கிறான், மோசடி, இதை நடுவர் எப்படி விசாரிப்பார்?” என்று சிலர் வாதாடுகிறார்கள். திருநெல்வேலியில் ஒரு ஹோட்டலை நடத்திய சகோதரர்களின் கூட்டு நிறுவன வழக்கில், சாதாரணமான மோசடிக் குற்றச்சாட்டை வைத்து நடுவர் ஷரத்தைத் தட்டிக்கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தெளிவாக்கிவிட்டது. பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை குறைவு என்ற பயமும் இனி பெரிதில்லை. அது அபராதத்தோடு சரிசெய்யக்கூடிய குறை, ஒப்பந்தத்தையே செல்லாததாக்காது என்று 2023 டிசம்பரில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது.

பதிவு செய்யாத நிறுவனத்துக்கு 69-ஆம் பிரிவின் தடை நடுவர் விசாரணைக்குப் பொருந்தாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நடுவரை நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது, எதிர்த்தரப்பு 1964-ஆம் ஆண்டின் பழைய தீர்ப்பு ஒன்றைக் காட்டி ஆட்சேபிக்கும். அந்தச் சண்டைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

செலவைப் பார்ப்போம், ஏனென்றால் இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்கள் கோரிக்கை 2 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017-க்கு முன் 7.5 சதவீதம், இப்போது 3 சதவீதம். அதாவது 6 லட்சம். கூட்டு நிறுவனத்தைக் கலைக்கும் வழக்கில் உங்கள் பங்கின் மதிப்புக்குத்தான் கட்டணம், நிறுவனத்தின் முழு மதிப்புக்கு அல்ல. நடுவர் சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி அதே 2 கோடிக்கு ஒரு நடுவரின் கட்டணம் 4,37,500 ரூபாய். தனி நடுவர் என்றால் 25 சதவீதம் கூடுதல், ஆக 5,46,875. மூவர் குழு என்றால் ஒவ்வொருவருக்கும் 4,37,500, மொத்தம் 13,12,500. இந்த அட்டவணை ஒரு மாதிரிதான். இரு தரப்பும் வேறு தொகையை ஒப்புக்கொள்ளலாம், நடுவர் மையங்களுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. தனி நடுவர் என்றால் இரண்டு வழிக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான், அதிலும் நடுவர் கட்டணத்தைப் பொதுவாக இரு தரப்பும் பாதிப்பாதியாகக் கட்டுவார்கள். உங்கள் பத்திரத்தில் “ஆளுக்கொரு நடுவர், இருவரும் சேர்ந்து மூன்றாமவர்” என்று இருந்தால் கணக்கு மாறிவிடும். சின்னத் தகராறு என்றால் எதிர்த்தரப்பிடம் பேசி ஒரே நடுவராக மாற்றிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.

வழக்கை நடுவழியில் சமரசமாக முடித்தால் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். கோர்ட் மூலமாக இல்லாமல் வெளியே தாங்களாகப் பேசி முடித்தாலும் அது கிடைக்கும் என்று சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நடுவருக்குக் கொடுத்தது அப்படித் திரும்பி வராது.

காலம் என்று பார்த்தால் நடுவர் பக்கம் சட்டமே கெடு வைத்திருக்கிறது. வாதுரைகள் முடிய ஆறு மாதம், அதிலிருந்து தீர்ப்புக்கு 12 மாதம், இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம். அதன்பின் 34-ஆம் பிரிவில் எதிர்ப்பு மனு வரும், மேல்முறையீடு வரும். ஆனால் மனு போட்டதாலேயே தீர்ப்பு தானாக நின்றுவிடாது. வணிக நீதிமன்றத்தில் பதிலுரைக்கு 120 நாள் என்ற கெடு கண்டிப்பானது. அதன்பின் விசாரணை எவ்வளவு ஓடும் என்பது கோர்ட்டில் காத்திருக்கும் வழக்குகளின் பட்டியலைப் பொறுத்தது. சென்னையில் 1 கோடிக்கு மேல் என்றால் உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவு. 3 லட்சம் முதல் அதுவரை என்றால் கீழமை வணிக நீதிமன்றம். கூட்டாண்மை ஒப்பந்தமும் இயற்கை வளங்களைப் பயன்படுத்துவது பற்றிய தகராறும் இரண்டுமே 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தின் வணிகத் தகராறுப் பட்டியலில் இருக்கின்றன.

இப்போது என் அளவுகோலுக்கு வருகிறேன். வெளியே போகும் கல்லைப் பிடிக்க இரண்டிலுமே வழி உண்டு. நடுவர் வழியில், நடுவர் அமர்வதற்கு முன்பே நடுவர் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் கோர்ட்டில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். உத்தரவு கிடைத்த 90 நாளுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்கியாக வேண்டும். வணிக நீதிமன்றத்தில் வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம், அவசர இடைக்கால நிவாரணம் கேட்டால் மட்டும் விலக்கு. அவசரம் உண்மையானதுதானா என்று கோர்ட் பார்க்கும். குவாரியில் தினமும் வண்டி போகிறது என்பதைக் காட்ட முடிந்தவருக்கு இது கஷ்டமில்லை.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஆத்திரத்தில் “குவாரியையே நிறுத்துங்கள்” என்று தடை கேட்கிறார்கள். வேலை நின்றாலும் குத்தகைக் காலம் ஓடும், ஹிட்டாச்சித் தவணை நிற்காது, வாங்குபவர் வேறு குவாரிக்குப் போய்விடுவார். எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கை அறுத்துக்கொள்வதுதான் இது. தடைக்குப் பதிலாக மூன்று உத்தரவுகளைக் கேளுங்கள் என்று வக்கீலிடம் சொல்லுங்கள்: வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் சர்வேயருடன் போய்க் குழியையும் யார்டில் கிடக்கும் கல் பிளாக்குகளையும் அளக்க வேண்டும், விற்பனைத் தொகை ஒரே வங்கிக் கணக்கில் மட்டும் வர வேண்டும், தகராறில் உள்ள பங்குத் தொகை தனியாகக் கட்டப்பட வேண்டும். தொழில் நடக்கும், கல்லும் கணக்கில் ஏறும். நடத்துபவர் மொத்தமாகக் கொள்ளையடிக்கிறார் என்பதற்கு ஆதாரம் இருந்தால், தொழிலைக் கோர்ட் சார்பில் கையில் எடுத்து நடத்தும் ரிசீவரைக் கேட்கலாம், ஆனால் குவாரி நடத்தத் தெரிந்த ரிசீவர் கிடைப்பது அரிது.

பிளாக்குகளை அளப்பதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கிரானைட்டில் திருட்டு நடப்பது பெரும்பாலும் அளவெடுக்கும் டேப்பில்தான். ஒவ்வொரு பிளாக்கின் முகத்திலும் பெயின்ட்டில் ஒரு எண் இருக்கும். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் எழுதி, கிராஸ் அளவு, நெட் அளவு என்று இரண்டு கன மீட்டர் போட்டிருக்கும். விரிசலுக்கும் கரடுமுரடான ஓரத்துக்கும் கழிப்பது போகத் தேறுவதுதான் நெட், காசு அதற்குத்தான். கழிவு நியாயமாக இருக்கும்வரை பிரச்சினையில்லை. ஒரே ரகக் கல்லுக்கு ஒரு மாதம் ஒரு கழிவும் அடுத்த மாதம் அதைப்போல இரண்டு மடங்கும் வந்தால், வித்தியாசம் யாரோ ஒருவர் பையில் போகிறது. அரசுக்குக் கட்டிய சீனியரேஜ் (எடுத்த கல்லுக்கான கட்டணம்), வண்டிக்கு வாங்கிய நடைச்சீட்டு, ஜிஎஸ்டி பில், யார்டு பதிவேடு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொய் தானாக வெளியே வரும். நல்ல வாதத்தைவிட இந்த நான்கு காகிதங்கள்தான் நடுவரையும் நீதிபதியையும் நம்ப வைக்கும். நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகலெடுக்கவும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் கூட்டாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு உரிமை கொடுத்திருக்கிறது. சண்டை முற்றும் முன் அந்த உரிமையைப் பயன்படுத்திவிடுங்கள்.

கம்பெனி என்றால்

பங்குச் சான்றிதழ் உங்கள் கையில் இருக்கிறது, கம்பெனியின் உறுப்பினர் பதிவேட்டிலும் பெயர் இருக்கிறது என்றால், ராஜாஜி சாலையில் உள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 241, 242 பிரிவுகள், சிறுபான்மைப் பங்குதாரரை நசுக்கினால் கேட்பதற்கானவை. மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கோ, உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கோ இருந்தால் போதும். நான்கு பேர் கம்பெனியில் ஒருவர் தனியாகவே மனு போடலாம். நடுவரால் தர முடியாத ஒன்றை இங்கே வாங்கலாம்: உங்கள் பங்கை நியாயமான மதிப்பில் மற்றவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற உத்தரவு. பிரிந்துபோக விரும்புபவருக்கு இதைவிட நேரான வழி இல்லை.

ஆனால் பேலன்ஸ் ஷீட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் பங்கு என்று நினைத்துக் கொடுத்த 40 லட்சம் அங்கே “அன்செக்யூர்டு லோன்” என்று ஏறியிருக்கலாம். அப்படியானால் நீங்கள் கடன் கொடுத்தவர், பங்குதாரர் இல்லை, இந்த மனு நிற்காது.

சமரசம்

நாட்டிலேயே கோர்ட்டோடு இணைந்த முதல் சமரச மையம் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. உறவுக்குள் கூட்டு வைத்தவர்களுக்கு, மச்சினன், சம்பந்தி, பள்ளித் தோழன் என்று நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவர்களுக்கு, நான் மனதார முதலில் சொல்வது இதைத்தான். தீர்ப்பில் கிடைக்காத ஏற்பாடுகள் இங்கே கிடைக்கும்: பணத்துக்குப் பதில் குறிப்பிட்ட கன மீட்டர் கல், கிரஷரை ஒருவரும் குவாரியை ஒருவரும் எடுத்துக்கொள்வது, 2025 ஏப்ரலில் வந்த கனிம நிலவரியை யார் சுமப்பது என்பது வரை. வணிக வழக்குக்கு முந்தைய சமரசத்தில் கையெழுத்தான உடன்படிக்கைக்கு நடுவர் தீர்ப்பின் பலம் உண்டு, மூன்று மாதம், கூடினால் ஐந்து மாதத்துக்குள் ஒரு முடிவு தெரிந்துவிடும், அந்த நாட்கள் வழக்குப் போடுவதற்கான காலக்கெடுக் கணக்கிலும் சேராது.

கணக்கைக் காட்டாதவரோடு சமரசம் பேசுவது வீண். முதல் அமர்விலேயே பதிவேடுகளைக் கேளுங்கள். அடுத்த அமர்வுக்கும் வெறுங்கையோடு வந்தால் 9-ஆம் பிரிவு மனுவுக்குப் போய்விடுங்கள்.

போலீசும் கனிமத் துறையும்

வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுத்தால் பயந்து பணத்தைக் கொடுத்துவிடுவான் என்று ஆலோசனை சொல்ல எல்லோரிடமும் ஒரு உறவினர் இருப்பார். பத்திரத்தில் கையெழுத்தைப் போலியாகப் போட்டிருந்தால், இல்லாத குத்தகையைக் காட்டிப் பணம் வாங்கியிருந்தால், தாராளமாகக் கொடுங்கள். லாபப் பங்கு வரவில்லை என்பதற்கு இது வழியில்லை. சிவில் தகராறைக் கிரிமினல் வழக்காக்கி அழுத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. வழக்கு ரத்தானால் எதிர்த்தரப்பு அந்த உத்தரவையே சிவில் கோர்ட்டிலும் கொண்டுவந்து காட்டும்.

கிண்டியில் உள்ள கனிமத் துறைக்கு, “குத்தகைதாரர் ரகசியமாகப் பங்கு விற்றிருக்கிறார்” என்று மனு எழுதுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அந்த ரகசியப் பங்கு உங்களுடையதுதான். குத்தகை ரத்தானால் பிரிக்க எதுவும் இருக்காது. 2012-இல் மதுரை மாவட்டக் கிரானைட் குவாரிகள் மூடப்பட்டபோது, அரசு நடவடிக்கை ஒன்று வந்துவிட்டால் கல் எத்தனை வருஷம் அப்படியே கிடக்கும் என்பதைத் தமிழ்நாடே பார்த்தது.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

நடுவர் ஷரத்து இருக்கிறது, குவாரி ஓடுகிறது என்றால்: முதல் வாரமே 9-ஆம் பிரிவு மனு, கூடவே தனி நடுவருக்குச் சம்மதமா என்று நோட்டீஸ், பக்கத்திலேயே சமரசப் பேச்சு. பதிவில்லாத நிறுவனம், ஷரத்தும் இல்லை என்றால்: கலைப்பும் கணக்கும் கேட்டு வணிக நீதிமன்றம். பிரிந்தபின் உங்கள் பணத்தை வைத்து மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்தால், அந்தப் பணத்தால் வந்த லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ, எது அதிகமோ அதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம் என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இருந்தால் அது பொருந்தும், இல்லாவிட்டால் இதைக் கேட்க மறக்காதீர்கள். கம்பெனி என்றால் தீர்ப்பாயம். குவாரி ஏற்கெனவே முடிந்து பழைய கணக்கு மட்டும்தான் பாக்கி என்றால் அவசரம் எதுவும் இல்லை, சமரசத்தில் தொடங்குங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு தேதியை மட்டும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்க மூன்று வருஷம்தான், அது கலைந்த நாளிலிருந்து ஓடும். கால வரையறை இல்லாத கூட்டை ஒரு எழுத்து நோட்டீஸே கலைத்துவிடும். கோபத்தில் வாட்ஸ்அப்பில் “இனிமே உனக்கும் எனக்கும் கூட்டு கிடையாது” என்று அனுப்பிய நாளையே கலைந்த நாளாக எதிர்த்தரப்பு வாதாடலாம். வேறு ஏற்பாடு பத்திரத்தில் இல்லாவிட்டால் ஒரு பங்குதாரரின் மரணமும் கூட்டைக் கலைத்துவிடும். அப்பா இறந்துபோய், சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்று இருக்கும் பிள்ளைகள் தயவுசெய்து இறப்புச் சான்றிதழில் உள்ள தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். மூன்று வருஷம் ஆகப்போகிறது என்றால் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தாலும் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள்.